நாற்பத்தொரு நாள் முன்னால் கேட்ட குரல்

சுரண்டைப் பாண்டிராஜ் குற்றாலத்துக்கு வந்து அய்யாக்குட்டியிடம் சண்டை போட்டது, அய்யாக்குட்டி அவனைக் குறை சொல்வதற்குச் சரியாக நாற்பத்தொரு நாள் முன்னால். இரண்டாயிரத்து இருபத்து மூன்று, தை மாதம். சீசன் எப்போதோ முடிந்து, அருவியில் பேருக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவி ரோட்டில் பொன்மலர் லாட்ஜின் பதினாலு அறைகளில் பன்னிரண்டு பூட்டிக் கிடந்தன. இருபத்தேழு வருடமாக அங்கே மேனேஜராக இருக்கும் அய்யாக்குட்டி, கவுண்டரில் உட்கார்ந்து சாவிகளுக்குப் புது நம்பர் வில்லை மாட்டிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு மோட்டாரைச் சுமந்துகொண்டு உள்ளே வந்த பாண்டிராஜ், "கழுவுததுக்கு அரை மணி நேரம் ஆவும்னு சொன்னது நீருதான?" என்று கேட்டான். அய்யாக்குட்டி அவனை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. "நான் யாரையும் ஒண்ணும் சொல்லலியேப்பா. நீ யாரு?" என்றார்.

விஷயம் இதுதான். பாண்டிராஜ் மூன்று நிமிடத்தில் பத்துத் தேங்காய் துருவும் மோட்டார் ஒன்றைக் கண்டுபிடித்து, அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு 'கை கொடு' நிகழ்ச்சிக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயங்காலம் ஆறரைக்கு வருமே, நாலு முதலாளிகள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பொருள் செய்தவர்கள் முன்னால் வந்து நின்று முதல் போடச் சொல்லிக் கேட்பார்களே, அந்த நிகழ்ச்சி. முந்தாநாள்தான் படம் பிடித்தார்கள். டிவியில் வர இன்னும் ஒன்றரை மாதம் ஆகும். மோட்டாரைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவனுடைய இடது காதுப் பக்கம் ஒரு குரல், "ஏலே, துருவ மூணு நிமிஷம்னா கழுவ அரை மணி நேரம் ஆவும்லா" என்றது. அங்கிருந்த வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. அதே குரல் அதே மூச்சில், "பன்னெண்டாம் நம்பர், வெந்நி காலைல அஞ்சு மணிக்குத்தான்" என்றும் கத்தியது. பின்னால் லேசாக அருவிச் சத்தம். இவன் வாய் குழறிப் போனான், நாலு பேரும் கையை விரித்துவிட்டார்கள். ஊர் திரும்பிய கையோடு பஸ் ஏறிக் குற்றாலம் வந்து, வெந்நீர் எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு லாட்ஜாகக் கேட்டுக்கொண்டே வந்தவனுக்கு நாலாவது லாட்ஜில் விடை கிடைத்துவிட்டது.

அய்யாக்குட்டி அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வெயிலில் அலைந்ததில் புத்தி பிசகியிருக்கிறது என்று முடிவுகட்டி, அனுப்பிவைத்தார். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவுண்டருக்கு எதிரே மாட்டியிருந்த டிவியில் பாண்டிராஜ் வந்து நின்றபோதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. வாயே திறக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். பாண்டிராஜ் மோட்டாரைக் கழற்றிப் பதினோரு துண்டாகப் பரப்பினான். பதினோரு துண்டையும் இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவப்போகிற கை யாருடையது என்று நினைத்த மாத்திரத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது. அப்போது பார்த்து மாடியிலிருந்து இறங்கிய ஒருவர் வெந்நீர் கேட்க, அவருக்கும் பதில் சொன்னார். டிவிக்குள் பாண்டிராஜ் சட்டென்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். தமிழ்நாடு முழுக்க எல்லா வீட்டு டிவியிலும்தான் திரும்பினான். பயத்தில் முழிக்கிறான் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. தென்காசியிலிருந்து வந்த டிவி மெக்கானிக் பின்பக்கத்தைத் திறந்து பார்த்து, பல்லி முட்டை மட்டும் இருப்பதாகச் சொன்னார். டிவியையே மாற்றிப் பார்த்தார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற தளவாய், சாயங்காலமானால் டிவி பார்க்க லாட்ஜுக்கு வந்துவிடுவார். அவர் அபிப்பிராயங்களைத் தொண்டை கிழியச் சொல்லுகிறவர். "அவன் சட்டயப் பாரு, எவன்ட்டயோ இரவல் வாங்கிட்டு வந்திருக்கான்", "அந்த நாலு பேர்ல ஒருத்தனாவது வாழ்க்கைல தேங்கா துருவியிருப்பானா?", "அந்தப் பொம்பள கேட்டதுதான் கேள்வி" என்றெல்லாம் எட்டு ஊருக்குக் கேட்கச் சொல்லுவார். டிவியில் ஒருத்தரும் திரும்பியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அய்யாக்குட்டி முணுமுணுத்தால் போதும், திரும்பிவிடுவார்கள்.

இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். சென்னையில் மேக்கப் போடுகிற இடத்திலேயே, "இடது பக்கம் ஒரு குரல் வரும், அது குற்றாலத்து அண்ணாச்சி, கண்டுக்காதீங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் கண்டுகொள்ளாமல் யாரால் இருக்க முடியும்? முதலாளி நாலு பேர் வேண்டாம் என்று சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். முகம் தெரியாத ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து நமக்கு ஒன்றைச் சொல்லியிருக்கிறார், அவரைப் பார்த்து ஏன் என்று கேட்டுவிட வேண்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். சிலர் கவுண்டரில் தலையைச் சாய்த்து அழுதார்கள். பிள்ளைகளின் புத்தகப் பை எவ்வளவு கனம் என்று பையே காட்டுகிற மாதிரி செய்திருந்த சஃப்ரின், "பை கனமா இருக்குன்னு தூக்குத பிள்ளைக்கே தெரியும்லா தாயின்னு சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டுச் சிரித்து, இரண்டு நாள் தங்கி, பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டுக் காயல்பட்டினத்துக்குத் திரும்பிப் போனாள். சொல்லாத சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டு, ஒன்றரை மாதம் கழித்து அதை அப்படியே சொல்லுவது அய்யாக்குட்டிக்குப் பிழைப்பாகிவிட்டது. மாற்றிச் சொல்லிப் பார்ப்போம் என்று பலமுறை நினைத்திருக்கிறார். பொருளைப் பார்த்ததும் அதுதான் தோன்றும். தோன்றியதைச் சொல்லாமலிருக்க அவருக்குப் பழக்கமில்லை.

ஒரு தடவை தப்பித்து ஓடியும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கிளம்பிப் புளியறைக்குப் போய், லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புரோட்டா சொன்னார். வந்தது. "சால்னா இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். சொன்னதும்தான் அவருக்கு உறைத்தது. தூத்துக்குடி ஜோயல் என்று ஒரு பையன், ஃபேன் வைத்த ஹெல்மெட் செய்தவன், முந்தின மாதம் லாட்ஜுக்கு வந்து, "அண்ணாச்சி, சால்னா இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கன்னு சொன்னிய. ராத்திரி பகலா யோசிச்சிட்டேன், எனக்கு அர்த்தம் வெளங்கல" என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருந்தான். இவரும் யோசித்துப் பார்த்து, தனக்கும் விளங்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். இப்போது விளங்கியது. கையைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் டிவியில் ஜோயல் இடது பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது அய்யாக்குட்டிக்கு உடம்பெல்லாம் வலித்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷன் எத்தனை பேருடைய ஆசைக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பது?

அந்த அலுப்பில் அவர் ஒரு முடிவு எடுத்தார். வீட்டுக்குள் எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்வதில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று மனைவி சுகிர்தம் கேட்டால்கூட, "இருக்கு" என்பார். உப்பு இருக்கிறதா, குழம்பு இருக்கிறதா என்று அவள்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்த முடிவு, மகள் கிருபா 'சாரல் பெட்டி' செய்ய ஆரம்பித்த நேரமாகப் பார்த்து அமைந்துவிட்டது.

கிருபா லாட்ஜுக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் சாரல் விட்டு விட்டு அடிக்கும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் அப்படியே கிடக்கும். பள்ளிக்கூடம் திறப்பதும் அந்தச் சமயத்தில்தான். திருநெல்வேலியில் இன்ஜினியரிங் படித்து, கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் இருந்துவிட்டு, இருபத்தாறு வயதில் வேலையை விட்டு ஊருக்கு வந்து, இதற்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று உட்கார்ந்தாள். சூட்கேஸ் அளவுக்கு ஒரு பெட்டி. காரில் சார்ஜ் போடுகிற இடத்தில் சொருகினால் போதும், குளித்த துணி வீடு போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடும். இரண்டு சீசன் அதோடு மல்லுக்கட்டினாள். எட்டு மாதிரி செய்து ஏழைப் பிரித்துப் போட்டாள். ஒவ்வொரு முறையும் பெட்டியிலிருந்து துண்டை எடுத்து, தொட்டுப் பார்த்து, "அப்பா, எப்படி இருக்கு?" என்பாள். "இருக்கு" என்பார் அய்யாக்குட்டி. சுகிர்தத்துக்கு ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் வலியப் போயிச் சொல்லுதிய. பெத்த பிள்ளைக்கு ஒரு வார்த்த சொல்ல வாய் வரமாட்டேங்குது" என்று பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறையாகக் கேட்டாள். அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய்விட்டார். ஒன்று சொன்னால் அது எங்கே போய் எப்போது யார் காதில் விழும் என்று அவருக்கு உறுதியாகத் தெரியாமல் போயிருந்தது.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஆனி மாதம் கிருபாவை 'கை கொடு'வுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு மூன்றாம் நாள் காலையில் பெட்டியோடு வந்து இறங்கினாள். முதலாளிகள் என்ன சொன்னார்கள் என்பதை டிவியில் வரும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதைப் பற்றி அய்யாக்குட்டிக்குக் கவலையில்லை. "நான் என்னட்டி சொன்னேன்?" என்று வாசலிலேயே கேட்டார். கிருபா செருப்பைக் கழற்றியபடி, "கேட்டுச்சு" என்றாள். "கேட்டுச்சுன்னா? என்ன கேட்டுச்சு?" "அன்னைக்குப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நாற்பத்தொரு நாளைப் போல அய்யாக்குட்டி வாழ்க்கையில் பயந்ததில்லை. அறுபத்து மூன்று பேரும் வந்து சொன்னதைச் சொன்னார்கள், இவர் தயாராக இருக்க முடிந்தது. மகளோ வாயைத் திறக்க மறுத்தாள். மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமென்றால், சில நாள் சிரித்த மாதிரி இருந்தது, சில நாள் அழுத மாதிரி இருந்தது. சாப்பாடு வைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பேச்சு மட்டும் அளவாக இருந்தது. மனசைக் கடித்துத் தின்றது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பெட்டி விற்காது என்று அவருக்கு ஒரு வருடமாகத் தெரியும். இங்கே குளித்துவிட்டு ராஜபாளையம் போகிறவர், வீட்டுக்குப் போய் மொட்டைமாடிக் கொடியில் போட்டால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். அவருக்கு எதற்குப் பெட்டி? இதை வீட்டில் வைத்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டுவிட்டு, நாலு பேருக்கு முன்னால் நிற்கும்போது காதில் போய்ச் சொல்லியிருந்தால் அவள் என்ன ஆவாள்? முன்பு வந்து அழுத முகங்களெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்தன. எல்லாருக்கும் அப்பா என்று ஒருத்தர் இருந்திருப்பாரே என்பது அப்போதுதான் தோன்றியது.

ஆடி மாதம் மூன்றாவது ஞாயிறு. சீசன் உச்சம், அருவியில் ஆள் தள்ளுகிற கூட்டம், லாட்ஜில் ஓர் அறை பாக்கியில்லை. மேனேஜர் மகள் டிவியில் வருகிறாள் என்று கேள்விப்பட்டுத் தங்கியிருந்தவர்களெல்லாம் ஈரத்தலையோடு இறங்கி வந்து டிவி முன்னால் நின்றார்கள். தளவாய் ஒரு நாற்காலியைப் போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். சுகிர்தம் கவுண்டருக்குப் பின்னால் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். கிருபா மட்டும் வெளியே வராந்தாவில், மழைச் சாரல் படுகிற இடத்தில் தூணில் சாய்ந்து நின்றாள்.

டிவிக்குள் கிருபா ஒரு வெள்ளைத் துண்டைத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, பெட்டியில் போட்டுப் பன்னிரண்டு நிமிடம் என்றாள். விளம்பரம் போட்டார்கள். திரும்பி வந்ததும் துண்டை வெளியே எடுத்து உதறி, முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு, நாலு பேரிடமும் நீட்டினாள். முதலில் தொட்ட அம்மாள், "இன்னும் ஈரமா இருக்கேம்மா" என்றார். கிருபா வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இல்ல மேடம், காஞ்சிட்டு" என்றாள். இரண்டாமவர் தொட்டார், ஈரம் என்றார். மூன்றாமவர் ஒரு காகிதத்தை அதில் ஒற்றி எடுத்துக் காட்டினார், காகிதம் நனைந்திருந்தது. கிருபா மறுபடியும் தொட்டாள். மறுபடியும், "காஞ்சிட்டு சார்" என்றாள். நாலாமவர் சாய்ந்து உட்கார்ந்து, "தெரிஞ்சே பொய் சொல்றியாம்மா, இல்ல உண்மையிலேயே தெரியலையா?" என்று கேட்டார்.

லாட்ஜில் நின்ற கூட்டம் வழக்கம்போல ஆளுக்கொன்று சொன்னது. "என்னமா புளுகுது பாரு" என்றார் மதுரைக்காரர் ஒருவர். "பொருளை முடிக்காம டிவிக்கு வந்தா இப்படித்தான்" என்றாள் அவர் மனைவி. "எல்லாம் பேர் எடுக்கத்தான் சார், டீல் எவனுக்கு வேணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "லே, யாரு புளுகுதா? நல்லாப் பாரு, பொரிகணக்கா காஞ்சிருக்கு!" என்று தளவாய் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். டிவிக்குள் கிருபா கையில் துண்டோடு இடது பக்கம் திரும்பினாள். திரும்பி, காத்திருந்தாள்.

அய்யாக்குட்டியின் நாக்கு நுனியில் நின்றது, கொடியில் போட்டால் காயும் என்கிற ஒரு வருடத்து அபிப்பிராயம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு வேறொன்று தெரிந்தது. அவள் பொய் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் ஒவ்வொரு ஆனி மாதமும், காலையில் சுகிர்தம் கொடியிலிருந்து யூனிஃபார்மை உருவி, இஸ்திரிப் பெட்டியால் நாலு இழுப்பு இழுத்து, ஆவி பறக்கப் பறக்க அவள் கையில் கொடுப்பாள். "ஈரமா இருக்கும்மா" என்று பிள்ளை சிணுங்கும். "அதெல்லாம் காஞ்சிட்டு, போடு" என்று இவர் கவுண்டரிலிருந்தே சத்தம் போடுவார். நாலைந்து வருடம் சிணுங்கினாள். அப்புறம் சிணுங்குவதை விட்டுவிட்டாள். கோயம்புத்தூர் ஹாஸ்டலிலும் துணியைக் கொடியிலிருந்து சீக்கிரமே எடுத்துவிடுகிறாள் என்று தோழிகள் கேலி செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அய்யாக்குட்டி கவுண்டரை விட்டு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். "நீ பொய் சொல்லல தாயி" என்றார். "காஞ்ச துணின்னு நாங்க உனக்குக் குடுத்ததே அவ்வளவுதான். தப்பு எங்களதுதான். நீ அதுலயே மூஞ்சத் தொடச்சிட்டு வீட்டுக்கு வா."

டிவிக்குள் கிருபா அந்தத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்து முடித்து, நாலு பேருக்கும் கும்பிடு போட்டு, "தெரியல சார். உண்மையிலயே தெரியல" என்று சொல்லிவிட்டு, பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு நடந்தாள். அழுததை மறைக்கத் துடைத்தாள் என்று இணையத்தில் சிலர் எழுதினார்கள், அனுதாபம் தேட நாடகம் போட்டாள் என்று பலர் எழுதினார்கள். ஒரு வாரம் அதுதான் பேச்சு.

வராந்தாவிலிருந்து கிருபா உள்ளே வந்து, "இதான் சொன்னிய" என்றாள். "அன்னைக்கே ஏன்ட்டி சொல்லல? நாப்பத்தோரு நாளு என்னைக் கொன்னுட்டியே" என்றார் அவர். "சொல்லியிருந்தா அத ஒப்பிச்சிருவிய. நீங்களா சொல்லுதியளான்னு பாக்கணும்லா." அய்யாக்குட்டி மகளுடைய சட்டைத் தோளைத் தொட்டுப் பார்த்தார். சாரலில் நனைந்திருந்தது. "ஈரமா இருக்கு, போய் மாத்து" என்றார். தொட்டுப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறு மாதம் கிருபா பெட்டியோடு மதுரையில் சித்தி வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தாள். போன அன்றைக்கு உச்சி வெயிலில் ஒரு துண்டை மொட்டைமாடியில் போட்டு, எடுத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே போன் பண்ணினாள். "அப்பா, இப்படியா இருக்கும்? மொடமொடன்னு காகிதம் மாதிரி, கன்னத்துல வச்சா சுடுது" என்றாள். அய்யாக்குட்டிக்கும் அது எப்படி இருக்கும் என்று மறந்துபோயிருந்தது. "அப்படியா இருக்கு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இப்போது அவள் பத்தாவது பெட்டி செய்துகொண்டிருக்கிறாள். எட்டாவது பெட்டி பொன்மலர் லாட்ஜ் கவுண்டருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'கை கொடு' நிற்கவில்லை, குரலும் நிற்கவில்லை.

போன புதன்கிழமை தர்மபுரியிலிருந்து ஒருவர், தானே மாவு ஆட்டித் தானே தோசை வார்க்கும் இயந்திரத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, கண் சிவக்க நின்றார். "நேத்து என்னை ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றார். அய்யாக்குட்டி ஏழாம் நம்பர் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "நான் இன்னும் சொல்லலப்பா. சொல்லுததுக்கு இன்னும் ஒண்ணர மாசம் கெடக்கு. நீ மொதல்ல போய்க் குளிச்சிட்டு வா, அப்புறம் உக்காந்து பேசுவோம். துண்டு அந்தப் பெட்டியில இருக்கு, எடுத்துக்கோ."

அவர் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்தார். "ஈரமா இருக்குங்களே" என்றார்.

"ஆமா, ஈரந்தான்" என்றார் அய்யாக்குட்டி.